கடல்ல நனைஞ்ச துணி காலைக்குள்ள காயணுமா?

கடல்ல குளிச்சிட்டு வந்து துணிய அப்படியே லாட்ஜ் கொடியில போடாதீங்க, முதல்ல ரெண்டு பக்கெட் நல்ல தண்ணில அலசிட்டு, காஞ்ச டவல்ல சுருட்டி முறுக்கிப் பிழிஞ்சு ஃபேனுக்குக் கீழ போட்டா காலைல பேக் பண்ணிடலாம், லாண்டரி காசும் மிச்சம். பாக்கெட்ட வெளிய திருப்பி அலசுங்க, பாதி மணல் அங்கதான் இருக்கும்.

காரணம் உப்புதான். கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, தண்ணி ஆவியானாலும் அது நூல்லயே தங்கிடும், அதுல இருக்குற மக்னீசியம் குளோரைடு காத்துல உள்ள ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதே அதே கதைதான். ராத்திரி பூரா தொங்கவிட்டும் ஜீன்ஸ் பிசுபிசுங்குறது இதனாலதான் (ஜீன்ஸோட கடல்ல இறங்குறது தனி வீரம்).

கரையோர லாட்ஜ் சிலதுல பாத்ரூம் போர் தண்ணியே உப்பா இருக்கும், சோப்பு நுரைக்கலன்னா உஷாராயிடுங்க, அங்க அலசி பெருசா பிரயோஜனம் இல்ல, கவர்ல கட்டி வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடிட்டு வர்றவங்களுக்கு தனியா அலச வேண்டியதில்ல, வாளி வாளியா ஊத்துறதுலயே பெரும்பாலும் உப்பு போயிடும், பிழிஞ்சு போட்டா போதும்.