இரண்டாம் முறை மீன் தொட்டி வைக்கும்போது

பள்ளி நாட்களில் வண்ணமீன் வளர்த்து, பிறகு படிப்பு, வேலை, வாடகை வீடு என்று அதை விட்டுவிட்டு, நாற்பதை ஒட்டிய வயதில் மீண்டும் ஒரு தொட்டி வைக்க நினைப்பவர் முதல் ஒன்றரை மாதத்துக்கு மீன் வாங்கக் கூடாது. தொட்டி, பில்டர், மணல், செடி என்று மற்ற எதை வேண்டுமானாலும் வாங்கலாம். சிறுவயதில் இந்தப் பொறுமை நம் யாரிடமும் இருந்ததில்லை. இப்போது அது வந்திருக்கிறது, ஆனால் கூடவே கையில் பணமும் வந்திருக்கிறது. சென்னைக் கொளத்தூரில் அடுத்தடுத்து இருக்கும் மீன் கடைகளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நுழைந்தால், அன்று அப்பா வாங்கித் தராத ஏஞ்சல், டிஸ்கஸ், நியான் டெட்ரா எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட முடியும் என்பதே திரும்பி வருபவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து.

எங்கள் வீட்டில் ஒன்றரை அடித் தொட்டி ஒன்று இருந்தது. ஞாயிறு காலை மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, நீலநிறக் கற்களைக் குழாயடியில் அரிசி களைவதுபோல் களைந்து, பில்டர் பஞ்சை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புவேன். தொட்டி பளிச்சென்று இருக்கும். புதன்கிழமைக்குள் ஒரு மீனாவது மிதக்கும். கண்ணேறு என்றார் பாட்டி, மீனே ராசியில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையில் மீன்களைக் கொன்றது அந்தச் சுத்தம்தான் என்று எனக்குப் புரிய இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை இடைவிடாமல் வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அதைக் கூட்டுகின்றன. ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் சிறிய அளவிலேயே நஞ்சு. நைட்ரேட் ஓரளவு சேரும்வரை பெரிய தீங்கு செய்வதில்லை, தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. பில்டர் பஞ்சிலும் கற்களிலும் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. அழுக்கு என்று நினைத்து நான் வாராவாரம் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவி விட்டது அந்தப் படலத்தைத்தான்.

ஆகவே முதல் வேலை, மீன் இல்லாத தொட்டியில் இந்தப் பாக்டீரியாவை வளர்ப்பது. தொட்டியை நிரப்பி, பில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, அம்மோனியா அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி அம்மோனியம் குளோரைடைக் கரைக்க வேண்டும். 60 லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். (நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று விற்பதும் இதே பொருள்தான் என்றாலும், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, ஆய்வகத் தரத்தில் வாங்குவதே நல்லது.) அது கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடலாம், அளவு துல்லியமாக இருக்காது, வீட்டில் சற்று நாறவும் செய்யும். தெரிந்தவரின் பழைய தொட்டியில் ஓடிய பில்டர் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் அதை நம் பில்டரில் செருகிவிடுவதைப் போன்ற உதவி வேறில்லை. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் வேலை பாதியாகக் குறையக்கூடும்.

இதற்குச் சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்று அவசியம். சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொல்லியபடி சொட்டுகளை விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். முதல் வாரங்களில் அம்மோனியா மட்டுமே தெரியும். பிறகு ஒரு நாள் அது இறங்கத் தொடங்க, நைட்ரைட் ஏறும். அது உச்சத்தில் அசையாமல் நிற்கும் நாட்களில்தான் பலருக்கும் பொறுமை போகிறது. போட்ட 2 மில்லிகிராம் அம்மோனியாவும், அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பூஜ்ஜியமாகிவிட்டால் தொட்டி தயார். முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு மறுநாள் மீன் வாங்கப் போகலாம். கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாக இருப்பது எதற்கும் சான்று இல்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

அடுத்து, எந்தத் தண்ணீர் என்பது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தாலோ, காற்று மோட்டாரைப் போட்டுவிட்டாலோ போய்விடும். அவசரத்துக்குக் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் போதும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் கடினத்தன்மையும் (கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு) பி.எச். அளவும் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) அதிகம். இது வெறும் எண் விவகாரம் அல்ல. பி.எச். 7லிருந்து 8க்கு ஏறும்போது, மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பம் கூடக் கூட அது இன்னும் ஏறும். கார நீரும் கத்திரி வெயிலும் சேர்ந்த ஊரில் முதிராத தொட்டி மற்ற ஊர்களைவிட வேகமாகக் கொல்வது இதனால்தான். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் தீர்வாகாது. தாதுக்கள் ஏறக்குறைய இல்லாத அந்தத் தண்ணீரில் பி.எச். நிலையாக நிற்காது. தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றுவதைவிட, தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே நீண்ட நாள் நிற்கும் வழி.

தொட்டி சிறியதாக இருந்தால் பராமரிப்பு எளிது என்பது தவறான எண்ணம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஒரு செத்த மீனோ, கூடுதலாகப் போட்ட ஒரு சிட்டிகைத் தீனியோ எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் கொண்ட தொட்டி தொடங்குவதற்கு ஏற்றது. விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர். மணலும் மேலே சற்று இடைவெளியும் போக 60 லிட்டர் நிற்கும். தண்ணீரோடு கண்ணாடியும் மணலும் சேர்ந்து 80 கிலோவைத் தாண்டும் என்பதால் ஷோகேஸ் பலகையின் மேல் வைக்கக் கூடாது. சமதளமான இரும்பு ஸ்டாண்டில் தெர்மாகோல் விரித்து, ஜன்னல் வெயில் படாத சுவரோரம் வைக்கலாம். பில்டர் விஷயத்தில், அந்நாளில் கற்களுக்கு அடியில் தட்டு வைத்ததை மறந்துவிடலாம்; காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர் இரண்டு போதும். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மின்சாரம் போனால் பேட்டரி மோட்டாரில் அதை ஓடவிட முடியும்; ஒன்றைக் கழுவும்போது மற்றதில் பாக்டீரியா இருக்கும். மின்வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் சற்றுத் தாழ்ந்து தொங்கட்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் மங்கலான ஒளியிலும் வளரும். அவற்றின் கிடைமட்டத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும். விளக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரிந்தால் வளர்வது பாசிதான்.

இப்போது மீன். கடின நீருக்கு என் முதல் தேர்வு ஜீப்ரா டானியோ. கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளைச் சேர்ந்த இந்த மீனை 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் அறிவியலுக்கு விவரித்தார். மரபணு ஆய்வகங்கள் இன்று உலகெங்கும் வளர்ப்பதும் இதைத்தான். கடையில் மலிவாகக் கிடைப்பதாலேயே இதை யாரும் மதிப்பதில்லை. எட்டு மீன்களை ஒன்றாக வளர்த்து, காலை விளக்கு போட்ட பத்து நிமிடம் எதிரில் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறும்: ஆண்கள் ஒன்றையொன்று துரத்தி நீள்வட்டமாகச் சுற்றும், திரும்பும் கணத்தில் நீலக்கோடு மஞ்சளாக மின்னும். கப்பியும் கடின நீரைத் தாங்கும். ஆண்களை மட்டும் வாங்காவிட்டால் நான்கு மாதத்தில் குஞ்சுகளுக்கு இடம் தேட வேண்டிவரும். நியான் டெட்ராவும் கார்டினல் டெட்ராவும் அமேசான் படுகையின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீர்களைச் சேர்ந்தவை. அவற்றை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டு ஒன்றொன்றாக இழப்பதைவிட வாங்காமல் இருக்கலாம். தங்கமீன் குளிர்நீர் மீன், கழிவும் அதிகம். வெப்பமண்டல மீன்களோடு சேர்க்கக் கூடாது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் ஒரு சக்கர் மீனைக் கையில் திணிப்பார். அது ஓரடிக்கு மேல் வளரும், சுத்தம் செய்வதைவிட அழுக்கு அதிகம் சேர்க்கும். இப்படி வாங்கி, வளர்ந்தபின் ஏரியில் விட்டவர்களின் புண்ணியத்தில் அது இன்று தமிழகத்து நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.

புதிய மீன்களை ஒரேயடியாக விடாமல், முதலில் நான்கு, இரண்டு வாரம் கழித்து நான்கு என்று விட வேண்டும். இரண்டாவது தொகுதியை அந்த இரண்டு வாரமும் தனி பிளாஸ்டிக் டப்பில், சிறு ஸ்பாஞ்ச் பில்டரோடு வைத்துக் கவனிப்பது அவசியம். உப்புக்கல் தூவியதுபோல் உடலில் வெண்புள்ளி தெரிந்தால் அங்கேயே மருந்து கொடுத்துவிடலாம். தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுவது மட்டுமே வேலை. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே, மாதம் ஒரு முறை ஸ்பாஞ்சை இரண்டு மூன்று தடவை பிழிந்து திரும்ப வைக்கலாம். பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வடித்த தண்ணீர் பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம்.

மே மாதத்தில் என் தொட்டி 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம்வரை கரையும் ஆக்சிஜன், அந்த வெப்பத்தில் 7.3 அளவில்தான் கரையும். மேல்மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் கட்டி போடுவது திடீர் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்பதால் கூடாது. விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே ஆவியாகும் அளவை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆர்.ஓ.வுக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள சரியான இடம் அதுதான்.

தீனி ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வளர்ந்த, நலமான மீன்கள் ஐந்தாறு நாள் பட்டினியைத் தாங்கும். அதற்கு மேல் போவதானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அன்பு மிகுதியில் ஒரே நாளில் பாதி டப்பாவைக் கொட்டிவிடுவார்கள். கோவில் திருநீறு மடிப்பதுபோல் சிறு காகிதப் பொட்டலங்களில் ஒரு வேளைத் தீனியை மடித்து, மேலே தேதி எழுதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லுங்கள். டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.