கேமரா மேல் மாட்டும் மைக்: பணத்தை எங்கே விடுகிறார்கள்

பொள்ளாச்சியில் ஆரம்பித்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளத்துச் சித்தூர், கொல்லங்கோடு வரைக்கும் இப்போது ஊருக்கு நாலு பேர் சேனல் வைத்திருக்கிறார்கள். தென்னையில் வெள்ளை ஈ, நாட்டு மாடு, கல்யாணம், கோயில் திருவிழா என்று எதையாவது எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், படமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சத்தத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கேமரா தலையில் ஒரு சின்ன மைக்கை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. கல்யாண வீடியோ எடுக்கும் நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில் இந்தத் தம்பிகளும் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பேட்டரி போட மறப்பது, சுவிட்சை ஆன் பண்ண மறப்பது, மூடியைக் கழற்றாமல் எடுப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

கேமராவில் மைக் ஜாக் இருக்கிறதா?

கேனான் 1500டி-யில் இல்லை. 200டி-யில் இருக்கிறது. நிக்கான் டி3500-இல் இல்லை, டி5600-இல் இருக்கிறது. பழைய கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து ஓட்டையைப் பார்ப்பதில்லை. மைக் வாங்கிய பிறகு வந்து கேட்டால் நான் என்ன செய்ய?

விலை கூடின மைக் தூரத்துக் குரலை இழுத்து வரும் என்று நம்புவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். மைக் வாங்க யோசனை கேட்டு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் கேட்பது, "ஏனுங்ணா, இது எத்தன அடிக்கு இழுக்கும்?" எந்த மைக்கும் எதையும் இழுக்காது. தன்னிடம் வந்து சேரும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். லென்ஸில் ஜூம் செய்தால் இருபது அடி தள்ளி நிற்பவர் முகம் திரை முழுக்க வந்துவிடுகிறது இல்லையா, அந்தப் பழக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. முகம் கிட்டே வரும், குரல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

மீனாட்சிபுரம் பக்கத்தில் மாமன் மச்சான் இரண்டு பேர் சேர்ந்து விவசாய சேனல் தொடங்கினார்கள். முதலில் ஒரு சின்ன மைக் வாங்கினார்கள். தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பத்தடி தள்ளி ட்ரைபாடில் நின்று எடுத்தார்கள். வீட்டில் வந்து கேட்டால் மோட்டார் சத்தம், காக்கா, ரோட்டில் போகும் லாரி எல்லாம் தெளிவாக இருக்க, பெரியவர் மட்டும் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியது போல இருந்தார். மைக் சரியில்லை என்று முடிவு கட்டி அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, இருபதாயிரத்துக்கு மேல் போட்டு நீளமான ஒன்றை வாங்கி அதையும் கேமரா தலையில் மாட்டி, அதே கட்டில், அதே பத்தடி. சத்தம் கொஞ்சம் பளிச்சென்று வந்தது, குடம் போகவில்லை. மூன்றாவதாக எதை வாங்கலாம் என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்கள். அந்த இருபதாயிரத்துக்கு நாலு நல்ல லைட் வாங்கியிருக்கலாம் என்பதை அவர்களிடம் சொல்லவும் மனசு வரவில்லை.

கணக்கு சின்னதுதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு அடி இருந்ததை இரண்டு அடி ஆக்கினால் 6, நாலு அடியில் 12, எட்டு அடியில் 18. குரல்தான் இப்படிக் குறைந்துகொண்டே போகிறது. மோட்டாரும் லாரியும் மைக்கில் முன்பு எவ்வளவு கேட்டதோ அவ்வளவே கேட்கும். குறைந்த குரலை எடிட்டிங்கில் தூக்கினால் கூடவே அவையும் எழுந்து வரும். வீட்டுக்குள் எடுத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும், தள்ளிப் போகப் போக மைக்கில் நேராக விழும் குரலை விட எதிரொலிதான் அதிகம் இருக்கும். புது வீட்டு கிரகப்பிரவேசத்தில் பேட்டி எடுத்தவர்களுக்குத் தெரியும்.

"ஷாட்கன் மைக் முன்னாடி இருப்பதை மட்டும்தானே எடுக்கும்" என்பார்கள். ஷாட்கன் என்பது கேப்சூலுக்கு, அதாவது மைக்குக்குள் சத்தத்தை வாங்கும் பகுதிக்கு, முன்னால் ஒரு குழாய், குழாயின் பக்கத்தில் வெட்டுகள். பக்கவாட்டில் வரும் சத்தம் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் முன்பின்னாக நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைகிறது. இந்த வித்தை நடக்கக் குழாயின் நீளம் ஒலி அலையின் நீளத்துக்கு ஓரளவாவது ஈடாக இருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலை ஏறக்குறைய 34 செ.மீ. ஆண் குரலின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், அதன் அலை மூன்று மீட்டருக்கு மேல். உங்கள் கையில் இருக்கும் மைக்கோ விரல் நீளம். ரோடு (Rode) கம்பெனியின் வீடியோமைக்ரோ மொத்தமே 80 மி.மீ., அதில் குழாய் சமாச்சாரமே கிடையாது, முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் வாங்கும் சாதாரண கார்டியாய்டு வகை. அது நல்ல மைக்தான், நானும் வைத்திருக்கிறேன். அதனிடம் பத்தடியைக் கேட்பது நம் தப்பு. சின்னக் குழாய் வைத்த மைக்குகள் மேல் ஸ்தாயியில் மட்டும் கூர்மையாக இருக்கும், மோட்டார் உறுமலை அப்படியே உள்ளே விடும். அது போக, முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு வகைக்குப் பின்பக்கமும் கொஞ்சம் காது உண்டு. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் மூச்சு, பக்கத்து ஆளிடம் "கொஞ்சம் தள்ளுடா" என்று சொன்னது எல்லாம் அதில் பதிவாகும்.

சரி, என்னதான் செய்வது? மைக்கைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள். மூன்று மீட்டர் 3.5 மி.மீ. ஸ்டீரியோ எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்குங்கள், பழைய மாப் குச்சியிலோ இன்னொரு ட்ரைபாடிலோ மைக்கைக் கட்டிப் பேசுபவர் தலைக்கு மேலே ஃப்ரேமுக்கு வெளியில், வாயிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குள் கொண்டுவந்து மார்பைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். அந்த மாமன் மச்சானுக்கு அவர்களுடைய இருபதாயிரம் ரூபாய் மைக்கையே இப்படிக் கட்டிக் காட்டினேன், குடம் போய்விட்டது. அவர்கள் விற்றுத் தொலைத்த முதல் மைக்கிலும் இதே வேலை நடந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உட்கார்ந்து பேசும் பேட்டி மட்டும்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேமரா மைக்கே வேண்டாம். போயா எம்1 மாதிரி காலர் மைக் போதும், ஆறு மீட்டர் ஒயரோடு வருகிறது, உள்ளே எல்ஆர்44 பட்டன் பேட்டரி, போனா கேமராவா என்று மாற்ற ஒரு சுவிட்ச். அதுவும் இல்லாவிட்டால் பேசுபவர் சட்டைப் பையில் ஒரு போனை ரெக்கார்டரில் போட்டு வைத்து, ஆரம்பத்தில் ஒரு கைத்தட்டு தட்டி, எடிட்டிங்கில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கேமரா தலை மைக் எதற்கு? கையை நீட்டிப் பிடித்துத் தன்னையே எடுத்துக்கொண்டு பேசுவதற்கு, சந்தை இரைச்சலை இரைச்சலாகவே பிடிப்பதற்கு, கூட்டத்தில் நடந்துகொண்டே எடுப்பதற்கு, வேறு ரெக்கார்டரில் எடுத்த சத்தத்தைப் பொருத்தத் துணைக்கு. இந்த வேலைகளுக்கு அதற்கு நிகர் இல்லை.

ஆடிக் காற்றில் நுரை உறை

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாசல். உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அந்த வாசலை நம்பித்தான். அந்தக் காற்றில் கறுப்பு நுரை உறையை மட்டும் மாட்டிக்கொண்டு ஆழியாறு அணை மேல் நின்று எடுத்தால் பேச்சு ஒரு வரி கேட்காது. நுரை வீட்டுக்குள் ஃபேன் காற்றுக்கும் 'ப' என்று வாயிலிருந்து வெடிக்கும் காற்றுக்கும். வெளியில் புசுபுசுவென்று செயற்கை முடி வைத்த முடி உறைதான் வேண்டும். சில மைக்கில் அது பெட்டிக்குள்ளேயே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும், அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். முடி நனைந்து சப்பிப் போனால் பாதிக் காற்று உள்ளே போகும், சாரலில் எடுத்த பிறகு காயவைத்துச் சீவி விடுங்கள்.

அடித்தொனியை மட்டும் வெட்டும் லோ கட் சுவிட்சைப் போட்டால் காற்று நின்றுவிடும் என்று ஒருத்தர் வாதம் செய்தார். காற்று கேப்சூலை நேராக அறைந்து சத்தம் உடைந்துவிட்டால் அதற்குப் பிறகு எதை வெட்டினாலும் உடைந்தது உடைந்ததுதான். லாரி உறுமலைக் குறைக்க லோ கட் போடுங்கள், காற்றுக்கு முடி உறை போடுங்கள்.

ஆட்டோவில் விட்டுவிடுவது

கேமராவின் ஆட்டோ லெவல், பேச்சு நின்ற உடனே சத்தத்தைத் தூக்கும். ஃபேனும் தவளையும் மெல்ல மேலே ஏறி வரும், அடுத்த வார்த்தை வந்ததும் சட்டென்று அமுங்கும், அப்புறம் மறுபடி ஏறும். கேட்பவருக்குக் காரணம் தெரியாமலே தலை வலிக்கும். மேனுவலில் வைத்து, பேசுபவரைச் சாதாரணமாகப் பேசச் சொல்லி, அளவு -12 டெசிபல் பக்கம் எட்டும்படி வையுங்கள். மைக்கில் சத்தத்தை 20 டெசிபல் தூக்கும் +20 சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டுக் கேமரா லெவலை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், கேமராவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் தூக்கினால் உஸ்ஸென்ற இரைச்சல்தான் கூடும்.

செண்டைக்கு முன்னால் அதே +20

எல்லைக்கு இந்தப் பக்கம் தவில், அந்தப் பக்கம் செண்டை, சம்பந்தம் பேசியது இரண்டு ஊருக்கும் நடுவில் என்றால் ஒரே மண்டபத்தில் இரண்டும். காலையில் பேட்டிக்குப் போட்ட +20-ஐ மறந்து மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர்களுக்கு நாலடி முன்னால் போய் நிற்கும் தம்பிகளைப் பார்த்தால் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டிவிடத் தோன்றும். கேமராவில் லெவலை இறக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். மைக் உள்ளேயே +20 போட்டுத் தூக்கிய சத்தம் கேமராவுக்கு வரும்போதே உடைந்துதான் வருகிறது, பிறகு அங்கே இறக்கி என்ன பயன்? மைக்கிலேயே -10 அல்லது -20-க்கு இறக்குங்கள். சுவிட்ச் இல்லாத மைக் என்றால் கேனானில் மெனுவுக்குள் உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்கும் அட்டனுவேட்டர் இருக்கிறது. ரோடு வீடியோமைக் ப்ரோ பிளஸ் போன்றவற்றில் இடது, வலது என்ற இரண்டு சானலில் ஒன்றை மட்டும் குறைந்த அளவில் பதியும் வசதி உண்டு, திருவிழா எடுப்பவர்கள் அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வெடிக்கட்டு என்னும் கோயில் வாணவேடிக்கைக்கு முன்னால் அது மானத்தைக் காப்பாற்றும்.

போனில் செருகி, போனின் சொந்த மைக்கில் பதிவது

பின்னில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் டிஆர்எஸ், கேமராவுக்கு. மூன்று என்றால் டிஆர்ஆர்எஸ், போனுக்கு. இரண்டு வளைய ஒயரைப் போனில் செருகினால் போன் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் சொந்த மைக்கில் பதியும். லெவல் முள் ஆடும், நீங்களும் சந்தோஷமாக இருப்பீர்கள். டைப் சி போன் என்றால் கன்வெர்ட்டரும் சரியானதாக இருக்க வேண்டும், பாட்டு கேட்க விற்கும் எல்லாக் கன்வெர்ட்டரும் மைக்கை உள்ளே விடாது. போதாக்குறைக்குச் சில ஆண்ட்ராய்டு போன்களின் சொந்தக் கேமரா ஆப் வெளி மைக்கை மதிப்பதே இல்லை. ஓப்பன் கேமரா ஆப்பில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

கண்டுபிடிக்கச் சுலப வழி: ரெக்கார்டிங்கைப் போட்டு மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். எது பெரிதாகக் கேட்கிறதோ அதில்தான் பதிகிறது.

ஷூ திருகு

கேமரா தலையில் மைக்கைப் பிடித்திருக்கும் திருகை இறுக்குங்கள். தொங்கும் ஒயரை ஒரு சுற்று சுற்றி டேப் ஒட்டுங்கள்.

பில் இல்லாத மைக்

வேண்டாம்.

காதில் போட்டுக் கேட்காமல் கிளம்புவது

சோனி இசட்வி இ10-இல் ஹெட்போன் ஜாக் உண்டு, அதற்காகவே அதை வாங்கச் சொல்வேன். கேனான் 200டி, எம்50, நிக்கான் இசட்30 எதிலும் கிடையாது. அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்கள் சென்ஹைசர் எம்கேஇ 400 மாதிரி மைக்கிலேயே ஹெட்போன் ஓட்டை இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அதில் கேட்பது மைக் வரைக்கும்தான். ஒயர் பாதி செருகியிருந்தாலும் உங்கள் காதில் நன்றாகவே கேட்கும். அதனால் இடத்துக்குப் போனதும் பத்து வினாடி எடுத்து, கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டுப் போனில் இயர்போன் வைத்துக் கேளுங்கள். கேமராவின் சின்ன ஸ்பீக்கரில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், அதை நம்ப வேண்டாம். வீட்டுக்காரர்கள் காபி கொடுக்கும் நேரத்தில் இதை முடித்துவிடலாம்.