பிக்கப் ட்ரக்குக்கு எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாத்தப் போறீங்களா? வீடியோல கேட்ட சத்தத்தை நம்பி வாங்கிடாதீங்க

ட்ரக் வாங்கி ரெண்டு மாசம் ஆனா போதும், இந்த ஆசை வந்துரும். வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினுக்கு காசு கொடுத்துட்டு இப்படி பூனை மாதிரி சத்தமில்லாம ஓட்டணுமான்னு தோணும். உடனே ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஒவ்வொரு க்ளிப்பா கேக்க ஆரம்பிப்போம், ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ற கோல்ட் ஸ்டார்ட்ல ஒரு உறுமல், நின்ன இடத்துல நாலு ரெவ், அவ்ளோதான், கார்டு நம்பர் போட்டாச்சு. நானும் டெக்ஸாஸ்ல என் 5.3 லிட்டர் ஷெவர்லே சில்வராடோவுக்கு இப்படித்தான் வாங்குனேன். ஊர்ல புல்லட்டுக்கு சைலன்சர் மாத்துன அனுபவம் வேற இருக்கா, நமக்குத் தெரியாததான்னு ஒரு தெனாவெட்டு.

மாட்டுன அன்னிக்கு தெருவே திரும்பிப் பாத்துச்சு, சந்தோஷம். அந்த வாரமே குடும்பத்தோட ஹூஸ்டன்ல இருந்து டாலஸ், 240 மைல். எழுபதுல க்ரூஸ் போட்டதும் கேபினுக்குள்ள ம்ம்ம்ம்னு ஒரு ரீங்காரம், மூடி வச்ச அண்டாவுக்குள்ள தலைய விட்ட மாதிரி. பாதி வழியில வீட்ல தலைவலி, பையன் காதைப் பொத்திக்கிட்டான், போன்ல பேசவே முடியல. இதுக்குப் பேரு ட்ரோன். எக்ஸாஸ்ட் விஷயத்துல மத்த தப்பெல்லாம் காசோட போயிரும், இது ஒண்ணுதான் தினமும் கூடவே வரும், அதனால இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

வி8-ல க்ராங்க் (பிஸ்டனெல்லாம் சேர்ந்து சுத்துற தண்டு) ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள நாலு சிலிண்டர் வெடிக்கும். எழுபது மைல் வேகத்துல இன்ஜின் சுமாரா 1,800 ஆர்பிஎம்ல ஓடுதுன்னு வைங்க, செகண்டுக்கு 30 சுத்து, அப்போ 120 வெடிப்பு, அதாவது 120 ஹெர்ட்ஸ். அதுக்கு மேல ஜிஎம் வண்டியிலயும் ராம் ட்ரக்கோட ஹெமி வி8-லயும் பெட்ரோல் மிச்சம் பண்ண லோடு கம்மியா இருக்கும்போது பாதி சிலிண்டரை அணைச்சு வச்சிரும், அப்போ வெடிப்பு பாதியா குறைஞ்சு 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இந்த அடித்தொண்டை சத்தம்தான் கேபினுங்கற பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு அதிரும். கம்பெனிக்காரன் இதுக்காகத்தான் மஃப்ளர் (நம்ம ஊர் சைலன்சர்), குறிப்பிட்ட ரீங்காரத்தை அமுக்குற ரெசனேட்டர், சில வண்டியில வால்வுன்னு வச்சிருக்கான், நாம அதையெல்லாம் கழட்டிட்டு அப்புறம் ஏன் அதிருதுன்னு கேக்குறோம். போன் மைக் இந்த அடி சத்தத்தை ஒழுங்கா பிடிக்காது, சத்தம் கூடுனா தானாவே லெவலையும் குறைச்சிரும். அதனால க்ளிப்ல ட்ரோன் இருக்கவே இருக்காது.

அப்போ எப்படித்தான் தேர்ந்தெடுக்குறது? அதே இன்ஜின், அதே கேப் (ஆள் உக்கார்ற பகுதி), அதே சிஸ்டம் மாட்டுன ஒருத்தரோட வண்டியில இருபது நிமிஷம் ஹைவேல உக்காந்து வாங்க, வேற குறுக்கு வழி எனக்குத் தெரியல. ஆள் கிடைக்கலைன்னா ரெசனேட்டரை விட்டுட்டு மஃப்ளரை மட்டும் மாத்துங்க, பிடிக்கலைன்னா நஷ்டமும் கம்மி. பொதுவா சேம்பர் மஃப்ளர் தடுப்புல மோத விட்டு சத்தம் பண்றது, பழைய மஸில் கார் உறுமல் வரும், ட்ரோனும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். ஓட்டை போட்ட குழாய் நடுவுல நேரா போய் சுத்தி ஃபைபர் அடைச்ச டைப் கொஞ்சம் சாது. அப்புறம் ஃபோர்டு எகோபூஸ்ட் மாதிரி டர்போ வி6 வச்சிருக்கவங்க வி8 க்ளிப் கேட்டு வாங்கவே வாங்காதீங்க, டர்போவே பாதி சத்தத்தைத் தின்னுரும், மிச்சம் வர்றது வேற ராகம்.

பெரிய பைப் போட்டா பவர் ஏறும்ங்கறது அடுத்த கதை. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி மட்டும் மாத்துற கேட்பேக்ல நீங்க காலால உணர்ற அளவுக்கு பவர் வராது, சத்தத்துக்குத்தான் காசு கொடுக்குறோம்னு ஒத்துக்கிட்டா நிம்மதி. சைஸ்லயும் ஏமாந்துராதீங்க: மூணு இஞ்ச் ஒத்தை பைப்போட வாய் கிட்டத்தட்ட 7 சதுர இஞ்ச், ரெண்டரை இஞ்ச்ல ரெட்டை பைப் போட்டா ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 10. பாக்க ஒல்லியா இருக்கற ரெட்டைதான் பெருசு. தினமும் ஆபீஸ் போற ட்ரக்குக்கு மூணு இஞ்ச் ஒத்தையே தாராளம்.

ஆர்டர் போடும்போது வருஷமும் மாடலும் மட்டும் பாத்தா பத்தாது. ஃபோர்டு எஃப்-150 ஒரே வருஷத்துலயே கேப் மூணு விதம், பெட் (பின்னாடி சரக்குத் தொட்டி) மூணு நீளம், நாலு கதவு சூப்பர்க்ரூ கேப்ல அஞ்சரை அடி பெட்டுக்கு வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம்) 145 இஞ்ச், ஆறரை அடிக்கு 157. ஒரு அடி வித்தியாசம், பைப் எப்படி பொருந்தும்? டேப் எடுத்து அளந்துட்டு ஆர்டர் போடுங்க. ட்ரெய்லர் இழுக்கறவங்க பின்பக்கம் ரெட்டை பைப் போடுறதுக்கு முன்னாடி ஸ்பேர் டயர், ட்ரெய்லரை மாட்டுற ஹிட்ச், வயரிங் ப்ளக் மூணும் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க, சூடு நேரா ப்ளக்ல அடிச்சா உருகும்.

மெட்டீரியல்ல, ஓஹையோ, மிச்சிகன் மாதிரி குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர்ல இருந்தா 304 ஸ்டெய்ன்லெஸ் எடுங்க. 409-ம் ஸ்டெய்ன்லெஸ்தான், ஆனா க்ரோமியம் கம்மி, மேல துரு பூக்கும், ஓட்டை விழ நாளாகும். அலுமினைஸ்டு (அலுமினியம் பூசுன சாதா இரும்பு) எல்லாத்தையும் விட விலை கம்மி, உப்பு ஊருக்கு ஆகாது. பாக்ஸ்ல வெறுமனே ஸ்டெய்ன்லெஸ்னு போட்டிருந்தா ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க, 409-ல ஒட்டும், 304-ல பெரும்பாலும் ஒட்டாது.

சட்டம். கன்வெர்ட்டரைக் கழட்டுறதும் டீசல்ல புகைக் கரியைப் பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டரைக் கழட்டுறதும் அமெரிக்காவோட க்ளீன் ஏர் ஆக்ட் படி எந்த ஸ்டேட்லயும் தப்பு, பாக்ஸ்ல ஆஃப்ரோடு மட்டும்னு ஸ்டிக்கர் இருந்தாலும் ரோட்டுல ஓட்டுனா அது காப்பாத்தாது. டெக்ஸாஸ்ல 2025-ல இருந்து சொந்த வண்டிக்கு வருஷாந்திர சேஃப்டி இன்ஸ்பெக்ஷன் இல்லைன்னதும் சிலர் குஷியாயிட்டாங்க, ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் புகை டெஸ்ட் இன்னும் இருக்கு. கலிஃபோர்னியால ஹெட்டர் (இன்ஜின்ல இருந்து புகையை வாங்குற முதல் குழாய்கள்) மாத்தணும்னா அந்த ஸ்டேட் காத்து மாசு வாரியம் கார்ப் கொடுத்த ஈஓ (அனுமதி) நம்பர் வேணும். அங்க விளம்பரத்துல வர்ற 95 டெசிபல் கணக்கு 6,000 பவுண்டுக்குக் கீழ ஜிவிடபிள்யுஆர் (வண்டியும் சுமையும் சேர்ந்த எடை வரம்பு) உள்ள வண்டிக்கு, பெரிய ட்ரக் நிறைய அந்த 6,000 பவுண்டைத் தாண்டிரும், அதனால டோர்ல ஒட்டியிருக்கற லேபிளைப் பாத்துட்டு பேசுங்க. டீசல்காரங்களுக்கு இன்னொண்ணு, டிபிஎஃப்ல சேர்ந்த கரியை எரிக்கற ரீஜென் நடக்கும்போது பைப்ல வர்ற சூடு பயங்கரமா இருக்கும், அதுல வெளிக்காத்து கலந்து குறைக்கத்தான் கம்பெனி டிப்ல (பைப்போட கடைசி முனை) இடைவெளி விட்டிருக்கான், அழகுக்காக அதை வெட்டி எறியாதீங்க.

எக்ஸாஸ்ட் மாத்துனா வாரண்ட்டி மொத்தமும் போச்சுன்னு டீலர் மிரட்டுனா பயப்பட வேணாம், 1975-ல வந்த மேக்னஸன் மாஸ் சட்டப்படி அந்த பார்ட்டாலதான் கோளாறு வந்துச்சுன்னு அவங்க காட்டணும்.

மாட்டும்போது எல்லா க்ளாம்ப்பையும் லூசா வச்சு, டிப் நேரா நிக்குதா, பைப் எங்கயும் உரசலையான்னு பாத்துட்டு முன்னாடியில இருந்து பின்னாடி டைட் பண்ணிட்டு வாங்க. யு-போல்ட் க்ளாம்ப் பைப்பை நசுக்கிரும், நாளைக்கு கழட்டணும்னா ரம்பம்தான், பட்டையா வர்ற பேண்ட் க்ளாம்ப் வாங்கிக்கோங்க. பைப்பைத் தொங்க விடுற ஹேங்கர் ரப்பர் வழுக்கிப் போக சோப்புத் தண்ணி போதும். நூறு மைல் ஓட்டிட்டு ஒரு தடவை திரும்ப டைட் பண்ணுங்க, சூட்டுல லூசாகியிருக்கும்.

கம்பெனி சிஸ்டத்தை மட்டும் அறுக்காம கழட்டி பத்திரமா வைங்க. அந்த டாலஸ் ட்ரிப்புக்கு அப்புறம் என்னைக் காப்பாத்துனது அதுதான், மறுநாளே பழையதை மாட்டிட்டு புதுசை பாதி விலைக்கு வித்தேன். இப்போ சாதுவான ஒண்ணு மாட்டியிருக்கேன், பழையது கராஜ் சுவத்தோரமா ஆளை விட நீளமா சாஞ்சு நிக்குது, எப்போ தூக்கிப் போடுவீங்கன்னு வீட்ல கேக்குறப்பல்லாம் பேச்சை மாத்திருவேன்.