நச்சு மரங்களை அறுக்கும் முன்னும் பின்னும்

மரம் எதுவென்று உறுதியாகத் தெரியும்வரை ரம்பத்தை ஓட்ட வேண்டாம். சேங்கொட்டையின் சாறு தோலைக் கொப்புளிக்க வைக்கும். தில்லையின் பால் கண்ணில் தெறித்தால் பார்வை தற்காலிகமாக மங்கலாம். அரளியின் எல்லாப் பாகங்களிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. தேக்கும் ஈட்டியும்கூடச் சிலருக்கு ஒவ்வாமை தரும். நெடுங்காலம் அறுத்தவருக்கும் அது திடீரெனத் தொடங்கலாம் என்பதால், "இதுவரை ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பச்சை நிறம் ஏறிய பழைய பலகையில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது முகக்கவசம். எந்த மரமானாலும் இது தேவைதான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளையே 1995-இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றில், சேர்த்துவிட்டது. துணி முகக்கவசம் நுண்தூளுக்குப் போதாது. என்95 குறைந்தபட்சம்; என் தேர்வோ, நுண்தூளை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும் பி100 வடிகட்டிகள் பொருத்திய, மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் அரைமுகக் கவசம். அணிந்தபின் இரு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுத்துப் பாருங்கள்: கவசம் முகத்தோடு ஒட்டிச் சற்று உள்வாங்கி அப்படியே நின்றால் சரி, எங்கேனும் காற்று புகுந்தால் வாரைத் திருத்தி மீண்டும் பாருங்கள். தாடி இருந்தால், இரண்டு நாள் முள்தாடியானாலும், விளிம்பு ஒட்டாது.

பக்கமூடியுள்ள கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். கையுறை மரத்தைத் தூக்கும்போது மட்டும். சுழலும் ரம்பத்தருகே அது கையையே இழுத்துவிடும்.

தூளை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். இயந்திரம் நின்றதும் கவசத்தைக் கழற்றத் தோன்றும், கழற்றாதீர்கள். விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் அடித்தால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத தூள் இன்னும் மிதப்பது ஒளிக்கற்றையில் தெரியும். துடைப்பமும் காற்றழுத்தக் குழாயும் அதை மீண்டும் எழுப்பிவிடும்; மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள உறிஞ்சியும் ஈரத்துணியுமே ஏற்றவை. கவசத்தைக் கடைசியில் கழற்றுங்கள். உடனே குளித்து, உடையைத் தனியாகத் துவையுங்கள்.

பின்சேர்க்கை: தூளை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தனர். எரிக்காதீர்கள், அரளியின் புகையும் நஞ்சே. கால்நடைகளுக்குப் படுக்கையாகவும் இடாதீர்கள். கருப்பு வால்நட் மரத்தின் சீவல் குதிரைகளுக்குக் குளம்பு நோய் தரும். பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இன்னொருவர் இரவில் மட்டும் இருமல் வருவதாக எழுதியிருந்தார். மரத்தூள் ஆஸ்துமா வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், மருத்துவரிடம் செல்லும்போது அறுத்த மரத்தின் பெயரையும் சொல்லுங்கள்.