டர்போ காரை நுவரெலியாவுக்கு ஏற்றும் முன் பெற்றோல் டியூனிங்கை இப்படிச் செய்யுங்கள்

கொழும்பில் டியூன் பண்ணிய டர்போ கார் மலைக்கு வந்ததும் கறுப்புப் புகை கக்கினால் உடனே பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரில் கை வைக்காதீர்கள். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81 அளவுதான். ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, ஆனால் இது தெரியாத ஈ.சி.யூ. (இஞ்சினை நடத்தும் கணினி) பழைய கணக்கிலேயே பெற்றோல் ஊற்றிக்கொண்டிருக்கும்.

என்னுடைய ஸ்டார்லெட் ஜிடிக்கு முதலில் போட்டுத் தந்த டேபிள் (எந்த நிலையில் எவ்வளவு பெற்றோல் என்று ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் எண் அட்டவணை), காற்றுக் கதவான த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து அளந்தது. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்துக்கு வந்தபோது, லேசாகத்தான் மிதித்திருந்தேன், 1.0 காட்ட வேண்டிய லாம்டா மீற்றர் (காற்றும் பெற்றோலும் சரியாகக் கலந்தால் 1.0, குறைந்தால் பெற்றோல் அதிகம்) 0.83 இல் நின்றது. ஓரங்கட்டி, சூடு ஆறவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை முழுக்க ஈரக்கரி, தொட்ட விரலில் மை மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஆகவே டர்போ இஞ்சினுக்கு டேபிளின் ஒரு அச்சு ஆர்.பி.எம்., மற்றது மேனிஃபோல்ட் (இஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம், அதுவும் வெற்றிடத்தைப் பூச்சியமாக வைத்த முழு அழுத்தக் கணக்கில். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சரைப் பாருங்கள்: கொழும்பில் 101 க்குக் கிட்ட, நுவரெலியாவில் 81 க்குக் கிட்ட காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அதைச் சரிசெய்யும்வரை டேபிளைத் தொடவேண்டாம். வெளிக்காற்றுக்குத் தனியாக ஒரு சென்சரும் போடுங்கள். சில ஈ.சி.யூ.க்கள் வெளி அழுத்தத்தைச் சாவி போடும்போது ஒருமுறைதான் படிக்கும், கம்பளையில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாமல் இறம்பொடை முடக்குகளில் ஏறினால் மேலே வந்த பிறகும் அதற்குக் கம்பளைக் காற்றுதான்.

அப்புறம் இன்ஜெக்டர். நான்கு சிலிண்டரில் 200 குதிரைவலு வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 370 சி.சி. அளவாவது தர வேண்டும், அதுவும் 85 சதவீத டியூட்டிக்குள் (திறந்திருக்கும் நேரப் பங்கு). நான் 440 போடுவேன். பேட்டரி வோல்டேஜ் மாறும்போது இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரமும் மாறும், அதற்கான எண்களைச் சரியாகக் கொடுக்காவிட்டால் ஐட்லிங் எந்நாளும் ஆடும்.

இனி டேபிள். ஐட்லிங்கையும் சாதாரண ஓட்டத்தையும் முதலில் லாம்டா 1.0 க்குக் கொண்டுவாருங்கள். பிறகு, டர்போவை அடக்கும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்டில் (டர்போ கூட்டும் அழுத்தம்), 95 ஒக்டேன் பெற்றோலோடு, லாம்டா 0.78 முதல் 0.80 வரை. பூஸ்டை 10 கிலோபாஸ்கல், 10 கிலோபாஸ்கலாகத்தான் ஏற்ற வேண்டும், இன்னும் தொடாத மேல் வரிசைகளில் கொஞ்சம் கூடுதலாகவே பெற்றோல் இருக்கட்டும், இக்னிஷன் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தள்ளியே வையுங்கள். முழு மிதி வேலையெல்லாம் காரை நிறுத்தி உருளைமேல் ஓட்டும் டைனோவில்தான், பஸ்ஸும் கொழுந்து லொறியும் வருகிற முடக்கில் வேண்டவே வேண்டாம். ஓட்டத்தின் எண்களைச் சேமிக்கும் லொக்கில் பெற்றோல் பிரஷரையும் பதியுங்கள். அது மேனிஃபோல்ட் அழுத்தத்தைவிட எப்போதும் 3 பார் மேலே நிற்க வேண்டும், பூஸ்ட் ஏறும்போது சரிந்தால் உடனே காலை எடுங்கள். பம்ப் போதவில்லை என்று அர்த்தம், டேபிளைத் திருத்தி அதைச் சமாளிக்க முடியாது.

பலர் விடுகிற தவறு, கொழும்பில் வந்த 200 கிலோபாஸ்கலை நுவரெலியாவிலும் பிடிக்கப் பார்ப்பது. கொழும்பில் டர்போ காற்றை 2 மடங்கு அமுக்கினால் போதும், நுவரெலியாவில் அதே அளவுக்கு ஏறக்குறைய 2.5 மடங்கு அமுக்க வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று கொதிக்கும், பெற்றோல் தானாக வெடிக்கும் நொக் வரும். பூஸ்ட் மீற்றரில் 1 பார் என்றால் மேலே முழு அழுத்தக் கணக்கில் அது 181 தான், அதோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம் ஏறும்போது டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குக் காற்றும் போதாது, ஆகவே உள்ளே போகும் காற்று 50 பாகையைத் தாண்டினால் டைமிங் தானாகக் குறையும்படி வையுங்கள்.

குளிர் ஸ்டார்ட்டை மட்டும் நுவரெலியாவிலேயே பாருங்கள். ஜனவரி விடியற்காலையில், ராத்திரி முழுக்க வெளியே நின்ற காரில், லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு நாளில் ஒரு முறைதான் வாய்ப்பு, எனக்கு ஐந்து காலைகள் பிடித்தன.