சேனல் மாற்றியதும் சரியான வைஃபை

இரவானால் எங்கள் அடுக்ககத்தில் வைஃபை திணறும். சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில் பார்த்தால் சேனல் (வைஃபை அலை ஓடும் தடம்) 3.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைக்கற்றையில் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டர் பிடிக்கும் அகலமோ குறைந்தது 20. ஒரே சேனலில் உள்ள கருவிகள், வேறு யாரும் அனுப்பவில்லை என்று கவனித்துவிட்டு, மாறிமாறி அனுப்பும். பாதி மட்டும் மேலே விழும் பக்கத்துச் சேனலோ அவற்றுக்கு வெறும் இரைச்சல். பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) கெடும், திரும்ப அனுப்ப வேண்டும், வேகம் போச்சு. 1, 6, 11 சேனல்கள் ஒன்றோடொன்று மோதாது; நடுவில் இருக்கும் 3 மட்டும் 1, 6 இரண்டோடும் மோதும்.

ஃபோனில் வைஃபை அனலைசர் (அக்கம்பக்கத்து வைஃபைகள் எந்தச் சேனலில் என்று காட்டும் ஆப்) போட்டுப் பார்த்தேன். 1இல்தான் கூட்டம் குறைவு. அதற்கு மாற்றி, அகலத்தையும் 40இலிருந்து 20ஆக்கினேன். திணறல் நின்றது. டிவியை ரவுட்டரின் இன்னொரு அலைக்கற்றையான 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தேன். சுவர் தாண்டினால் அந்த அலை சீக்கிரம் தளரும், டிவி ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இருப்பதால் தொல்லையில்லை.