லீவில் ஊருக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டிலிருந்து வேலூர்ப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே லீவில் எல்லார் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட நினைப்பது. பதினான்கு நாள் லீவு. போக வர இரண்டு நாள், கல்யாணம் ஒன்று, குலதெய்வம் கோயில், பேங்க், பட்டா என்று நாலைந்து நாள். மிச்ச நாள்களில் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, ஆரணி, சோளிங்கர் என்று இருபது வீடு, வீட்டுக்கு அரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து நாங்கள் வந்த முதல் மூன்று லீவும் இப்படித்தான் போயின.

அதில் ஒரு நாள் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அத்தை இருக்கிறார், அப்பாவின் அக்கா. நாங்கள் வருகிறோம் என்று விடிகாலையிலேயே எழுந்து கேழ்வரகுக் களி கிளறி, முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். வாசலில் டிரைவர் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. “சாப்பிட்டுட்டுதான் வர்றோம் அத்தை” என்று சொல்லிவிட்டோம். “இன்னாடா, குந்தக்கூட இல்லாம கெளம்பற?” என்றார். அப்புறம் உள்ளே போய் எவர்சில்வர் தூக்கில் குழம்பை ஊற்றி, களி உருண்டைகளை வாழையிலையில் சுற்றி, கார் ஜன்னல் வழியாக நீட்டினார். லத்தேரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். களி இன்னும் சூடாக இருந்தது. யாரும் பேசவில்லை. 2023-இல் இந்த முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதும் எனக்கு அந்தத் தூக்குதான் ஞாபகம் வந்தது.

ஆகவே ஐந்து வீடு போதும். வயசானவர்கள் இருக்கும் வீடுகளை முதலில் எழுதுங்கள்; அங்கே ஒரு வேளைச் சாப்பாடு, முடிந்தால் ஒரு ராத்திரி. ஒத்த வயசுக்காரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடலாம், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரியவர்களை அப்படிக் கூப்பிடக் கூடாது. நாம்தான் போக வேண்டும்.

நாம் இல்லாதபோது சாவு விழுந்த வீடு இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். போனில் பேசியாச்சே என்று விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. வருஷம் கழித்துப் போனாலும் அந்த வீட்டில் அதை ஒரு கணக்காக வைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வருவதை விரும்புவதில்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பிய நாளில் நடுவில் அந்த வீட்டுக்குப் போய் இறங்காதீர்கள். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் “போயிட்டு வர்றோம்” என்று வாய் வரும், அதை அங்கே சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பயண விஷயம் சின்னதுதான். சென்னை, பெங்களூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டில் காட்பாடி என்று போடுங்கள். வேலூர் கன்டோன்மென்ட் விழுப்புரம் போகும் பாதையில் இருக்கிற ஸ்டேஷன். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீர்கள்.

தேதியை மட்டும் யோசித்துப் போடுங்கள். மே மாதக் கத்திரி வெயிலில் குளிர் தேசத்துப் பிள்ளைகள் வாடிப்போவார்கள். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு ஊருக்குள் வண்டியில் நுழைய நினைப்பது வீண். ஒன்று, முந்தின நாளே வந்து தங்கி, கௌண்டன்யா ஆற்றங்கரைக் கூட்டத்தோடு அம்மனைப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். தை மாதம் வருகிறவர்கள் எந்த ஊரில் எந்த நாள் எருது விடும் விழா என்று கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள்.

அரசாங்க ஆபீஸ் வேலையில் பலர் இழப்பது நாள்களை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்து நிலமென்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். முன்பே வெளிநாடு போனவர்கள் பழைய நினைப்பில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் போய் நிற்கிறார்கள். பட்டாவும் வில்லங்கமும் இணையத்திலேயே பார்க்கலாம், கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். “நல்ல நிலம், சல்லிசா வருது, உன் பேர்ல போடு” என்று மச்சான் யாராவது சொல்வார். வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் பணமும் சிக்கும், உறவும் கசக்கும்.

அப்பா அம்மாவை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் ஊருக்கு வருவதற்கு முன்பே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். இதயம், நரம்பு போன்ற பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போயிருக்கின்றன, எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் முதல் வாரத்திலேயே போங்கள். ரிசல்ட் வரும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பொழுது போகாதே என்று பயந்து ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி மலை என்று தினமும் வண்டி பிடிக்காதீர்கள். போன தடவை ஒரு சாயங்காலம் அப்பாவையும் பையனையும் வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போனேன். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் கை வைத்துக்கொண்டு, “ரொம்ப காலம் இங்க சாமியே இல்லடா. 1981-லதான் சத்துவாச்சாரியிலருந்து லிங்கத்த கொண்டாந்து வச்சாங்க” என்று அப்பா சொன்னார். பையன், “அதுக்கு முன்னாடி யாரு கும்பிட்டாங்க தாத்தா?” என்று கேட்டான். வெளியே அகழித் தண்ணீர் இருட்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்கே தெரியாத கதைகள்.

சாமான் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் கொண்டுபோகாதீர்கள், வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களுக்குக் கோடாலித் தைலமும், மற்றவர்கள் பார்க்காமல் கையில் வைத்து மூடும் கொஞ்சம் பணமும் போதும். யாராவது பாத்திரத்தில் ஏதாவது கொடுத்து அனுப்பியிருந்தால் அதைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அத்தையின் தூக்கு இரண்டு வருஷம் சிங்கப்பூரில் எங்கள் சமையலறை அலமாரியில் இருந்தது. போன லீவில் ஆற்காடு மக்கன் பேடா வாங்கி அதில் நிரப்பி எடுத்துப் போனோம். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தை தூக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வண்டி போன பக்கத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் பரணிலிருந்து புதுப் பாயை இறக்கச் சொன்னார்.